நுரைக்குட்டி: விற்காத சோப்பு

போன வாரம் நாம் அண்ணியை விட்டுவந்தது வாசற்கதவுக்குப் பக்கத்தில். தபால்காரர் தெருமுனை திரும்பிப் போன பிறகும் அவள் கதவை மூடவில்லை. கையில் டிரேட்மார்க் ஆபீஸின் நீள உறை. எத்தனை முறை பிரித்துப் படித்தாலும் அது ஒரே சேதியைத்தான் சொன்னது. உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் குழந்தை முகம் ஐந்து வருடத்துக்கு மேலாக வியாபாரத்தில் பயன்படுத்தப்படவில்லை, அதைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று ஒரு கம்பெனி மனுப் போட்டிருக்கிறது, பதில் சொல்லுங்கள்.

அந்த உறை வந்து வாரங்கள் ஓடிவிட்டன. பதில் சொல்ல இன்றுதான் கடைசி நாள்.

அண்ணி என்றால் சின்னவருக்கு மட்டும் அண்ணி இல்லை. சோப்புத் தொழிற்சாலையில் கொப்பரை கிளறுகிறவரிலிருந்து லாரி ஓட்டுகிறவர் வரை எல்லோருக்கும் அண்ணிதான். அவள் வீட்டுக்காரர் பெரியவர் சோப்பு காய்ச்சுவார், தம்பி சின்னவர் விற்பார், அண்ணி பேக்கிங் பார்ப்பாள். மூன்று பேரும் ஒரே வீட்டில் சாப்பிட்டு, ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள்.

அந்தக் குழந்தை முகம் அவள் பெற்ற முகம். நாலு வயதில் குளிக்கும்போது எடுத்த படம். தலைமேல் நுரையைக் குவித்துக்கொண்டு, வாய் கொள்ளாத சிரிப்பு. ஒரு கண் மட்டும் மூடியிருக்கும், சோப்பு எரிந்ததால். பெரியவர் படத்தை அச்சுக்காரரிடம் கொடுத்து, பித்தளையில் வெட்டச் சொன்னார். சோப்புக் கட்டியிலும் அந்த முகம், உறையிலும் அந்த முகம். கடைகளில் "நுரைக்குட்டி சோப்பு குடுங்க" என்று கேட்டு வாங்கினார்கள். பிறகு வீட்டிலும் மகளுக்கு அதுவே பெயராகிவிட்டது.

நுரைக்குட்டிக்கு அதில் ஒரே குறை. குளித்து முடிக்கும்போதெல்லாம், "அம்மா, என் மூஞ்சி கரைஞ்சு போச்சு. வேற சோப்பு எடு," என்பாள்.

ஒன்பதாவது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதைப் பற்றி முன்பே எழுதியது போதும்.

அவள் இல்லாமல் மறுபடி தொழிற்சாலை திறந்த அன்று, சோப்பு அழுத்தும் இயந்திரத்தில் பித்தளை அச்சைக் காணோம். படம் இல்லாத வெறும் அச்சு மாட்டியிருந்தது. உறையும் வெள்ளையாகிவிட்டது, நீல எழுத்தில் கம்பெனி பெயர் மட்டும். யார் மாற்றினார்கள் என்று அண்ணி கேட்கவில்லை. யாரும் அவளிடம் சொல்லவும் இல்லை. அந்த வீட்டுப் பழக்கம் அப்படி. ஒருவர் புண்ணை மற்றவர் தொட்டுவிடாமல் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இன்று காலை பேக்கிங் அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஜன்னலுக்கு ஜன்னல் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் வரிசையாக உறைகள் தொங்கின. எல்லாவற்றிலும் நுரைக்குட்டி. ஈரமாக, பழுப்பாக, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

சின்னவர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் கையை விட்டபடி திரும்பினார். மணிக்கட்டு வரை பழுப்பு.

"என்ன தம்பி இது?"

"அச்சகத்துல குடுத்து பழைய மாதிரியே அடிச்சேன் அண்ணி. பளபளன்னு இருந்துது. அதான் கொஞ்சம்…"

"கொஞ்சம்?"

"டீயில முக்கினேன்."

அண்ணி ஒரு உறையை மோந்து பார்த்தாள். "சக்கரை போட்ட டீயா?"

"கேன்டீன்ல அதுதானே இருக்கு."

"நல்லா இருக்குடா உன் வேலை. ஆபீசர் மேஜையில எறும்பு ஊரும். அதையும் சாட்சியா சேத்துக்கச் சொல்லுவியா?"

சிரிப்பு வந்தது அவளுக்கு. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. வாய்வரைக்கும் வராமல் தொண்டையோடு திரும்பிவிட்டது.

சின்னவர் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "பழைய தேதி போட்டு நாலஞ்சு பில்லும் தயார். அண்ணாவுக்குத் தெரிய வேண்டாம். பதிவு உங்க பேர்ல. நீங்க வித்தோம்னு சொன்னா வித்ததுதான்."

"பொய் சத்தியம் பண்ணச் சொல்றே."

"அவளை அவங்க தூக்கிட்டுப் போறதை விடவா பொய் பெரிசு?"

அண்ணி கயிற்றுப் பக்கம் திரும்பினாள். காய்ந்த உறைகளை ஒவ்வொன்றாகக் கிளிப்பிலிருந்து எடுத்தாள். இத்தனை வருடத்துக்கப்புறம் அந்த முகம் விரலில் படுகிறது. கன்னத்தில் டீக்கறை. கட்டைவிரலால் துடைக்கப் பார்த்தாள். போகவில்லை.

உறைகளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "வா. அண்ணா வண்டியில காத்திட்டிருக்கார்."

வக்கீலம்மாவின் அறை மாடியில் இருந்தது. மேஜை, சுவர் அலமாரி, தரை எல்லாம் கட்டுக் கட்டாகக் காகிதம். உட்கார மூன்று நாற்காலி தேற்றுவதற்கே குமாஸ்தா இரண்டு கட்டுகளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. "இதெல்லாம் ஜெயிச்ச கேஸ், இதெல்லாம் தோத்த கேஸ்," என்றார் அவர். இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன.

பெரியவர் மடியில் வைத்திருந்த மரச்சட்டத்தை மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். கண்ணாடி போட்ட பதிவுச் சான்றிதழ். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. தினமும் அவரே துடைப்பார்.

"புதுப்பிச்சிட்டோமே மேடம். நாள் தவறாம பணம் கட்டி, இன்னும் பத்து வருஷத்துக்கு. இது செல்லாதா?"

"இது காகிதம் சார். காகிதத்தை நல்லாவே உயிரோட வச்சிருக்கீங்க. ஆனா அந்த முகம் கடையில இருந்துதா? சோப்புல அச்சு, இல்லேன்னா உறையில படம், ஏதாவது ஒண்ணு? டிரேட்மார்க்னா சரக்கோட சேந்து சந்தைக்குப் போகணும். வீட்ல மாட்டி வைக்கறதுக்குப் பதிவு தேவையே இல்லையே."

"இன்னிக்கே அச்சை மாட்டிடறேன். சாயங்காலம் லாரியில ஏத்திடறேன்."

"மனு வந்தப்புறம் ஆரம்பிச்சா கணக்குல எடுத்துக்க மாட்டாங்க."

பெரியவர் மரச்சட்டத்தை மெல்லப் படுக்க வைத்தார்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார் வக்கீலம்மா. "அதையாவது சொல்லுங்க. எழுதணும்."

பெரியவர் சான்றிதழைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இவளாலே தாங்க முடியாதுன்னு. நாள் முழுக்க பேக்கிங்ல உக்காந்து, அந்த முகத்தையே மடிச்சு மடிச்சு வைக்கணுமே."

அண்ணி திரும்பினாள். "நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

"நீ சொல்லலை."

"நான் தேடினேங்க. முதல் நாள் வந்து மெஷின் மெஷினா தேடினேன். உங்களால பாக்க முடியலை, அதான் கழட்டிட்டீங்கன்னு நெனச்சேன். கேட்டா உங்களுக்கு வலிக்குமேன்னு வாயை மூடிட்டேன்."

பெரியவர் சான்றிதழின் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தார். குமாஸ்தா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். எது ஜெயித்தது எது தோற்றது என்று பார்த்து எடுத்ததாகத் தெரியவில்லை.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "சட்டத்துல ஒரு வாசல் வச்சிருக்காங்க. அரசாங்கம் தடை போட்டு சரக்கே வரலை, ஊருக்கே எண்ணெய் கிடைக்கலை, அந்த மாதிரி இருந்தா மன்னிப்பு உண்டு. வீட்ல துக்கம்னா அதுல சேராது. சேரணும்னு நான் கேட்டுப் பாக்கறேன். கிடைக்கும்னு பொய் சொல்ல மாட்டேன்."

"எங்களுக்கு அதை வச்சு விக்க வேண்டாமே மேடம்," என்றாள் அண்ணி. "வியாபாரமே வேண்டாம். அவ எங்ககிட்ட இருந்தா போதும். அவங்களுக்கு எதுக்கு அவ?"

வக்கீலம்மா ஒரு தாளை மேஜைமேல் தள்ளினார். "அவங்க இப்படி ஒரு படத்துக்கு மனுப் போட்டாங்க. உங்க பதிவு குறுக்கே நிக்குது, தர முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. உங்களது போனாத்தான் இது வர முடியும்."

தாளில் ஒரு குழந்தை. தலையில் நுரை. வேறு மூக்கு, வேறு கன்னம். ஒரு கண் மூடியிருந்தது.

அண்ணி வெகுநேரம் பார்த்தாள்.

"இது கண்ணடிக்குது," என்றாள். "என் பொண்ணு கண்ணடிக்கலை. அவளுக்கு எரிஞ்சுது."

வக்கீலம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணுதான் புரியலை," என்றார் வக்கீலம்மா. "இத்தனை வருஷமா கடையிலேயே இல்லாத முகம். நேத்து வந்த கம்பெனி. அவங்க கண்ணுல இது எங்கே பட்டுது?"

சின்னவர் முன்னால் ஒரு பாட்டில் தண்ணீர் நிரம்ப இருந்தது. அவர் எழுந்து, "தண்ணி குடிச்சிட்டு வரேன்," என்று வெளியே போனார்.

அண்ணி அதைக் கவனித்தாள். கவனித்ததை அப்போது ஒன்றோடும் சேர்த்துப் பார்க்கவில்லை.

"வேற ஏதாவது ஆதாரம் இருக்கா அம்மா? பழைய உறை, பில், எதுவா இருந்தாலும்," என்றார் வக்கீலம்மா.

அண்ணியின் கை பைக்குள் போயிற்று. மடித்த உறைகள் விரலில் பட்டன. வெளியே எடுத்தால் போதும். ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். வக்கீலம்மா எழுதிக்கொள்வார், அவள் கையெழுத்துப் போடுவாள், நுரைக்குட்டி வீட்டிலேயே இருப்பாள். பையின் வாயிலிருந்து லேசாக டீ வாசனை வந்தது. மகள் முகத்தின்மேல் ஊற்றிய டீ.

கையை வெறுமையாக எடுத்துக்கொண்டாள். "இல்லை மேடம்."

அப்போதுதான் பெரியவர் சொன்னார். "ஒண்ணு இருக்கு."

சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார், தப்புச் செய்த பிள்ளைபோல. "வருஷா வருஷம் அவ பொறந்த நாள் அன்னிக்கு, எல்லாரும் போனப்புறம் அந்த அச்சை மாட்டுவேன். ஒரு பெட்டி அளவுக்குப் போட்டு, காயவைக்கிற அறை பீரோவுல வச்சுப் பூட்டிடுவேன்."

"எனக்குச் சொல்லவே இல்லையே," என்றாள் அண்ணி.

"எப்படிச் சொல்ல?"

வக்கீலம்மா பேனாவைப் பிடித்த பிடியே மாறிவிட்டது. "அச்சுல முகம் தெளிவா இருக்கா? எல்லா வருஷமும் போட்டீங்களா?"

"எல்லா வருஷமும்."

"வித்தீங்களா?"

"விக்கறதா?" பெரியவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "பொறந்த நாள் சோப்பை யாராவது விப்பாங்களா மேடம்? நாங்களே குளிச்சதில்லை. கரைஞ்சுடுமே."

"ஒரு பெட்டி. ஒரே ஒரு பெட்டி வெளிய போயிருந்தாக்கூட பிடிச்சுக்க ஒரு கொம்பு இருந்திருக்கும். அது போதும்னு சொல்லலை. சண்டை போட்டிருப்பேன்." பேனா மேஜைக்குத் திரும்பியது. "பீரோவுல இருக்கறது வியாபாரம் இல்லை சார்."

எழுதி முடித்ததும் குமாஸ்தா திரும்பி வந்து வாசித்துக் காட்டினார். மகளை இழந்ததும், ஒருவருக்காக ஒருவர் நிறுத்தியதும், பிறந்த நாள் சோப்பும் எல்லாம் இருந்தன. கடைசி வரி: அந்த முகம் பதித்த சோப்பு இத்தனை வருடங்களில் ஒரு கட்டிகூட விற்பனைக்குப் போகவில்லை என்று சத்தியமாகச் சொல்கிறேன்.

சின்னவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

அண்ணி கையெழுத்துப் போட்டாள். குமாஸ்தா பத்திரத்தைக் கக்கத்தில் செருகிக்கொண்டு, "கவுண்ட்டர் மூடறதுக்குள்ளே ஓடறேன்," என்று படியிறங்கினார்.

வீட்டுக்குப் போகலாம் என்றார் பெரியவர். "எனக்கு அதைக் காட்டுங்க," என்றாள் அண்ணி.

காயவைக்கும் அறையில் தட்டுத் தட்டாக வெள்ளைக் கட்டிகள் அடுக்கியிருந்தன. வெதுவெதுப்பான காற்று. மூலையில் இரும்பு பீரோ. அதில் பழைய சுவிட்சும் கம்பியும் கிடக்கும் என்றே அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தினமும் அதைத் தாண்டித்தான் போவாள்.

பெரியவர் கதவைத் திறந்தார்.

வாசனைதான் முதலில் வந்தது. தலை துவட்டிய துண்டின் வாசனை. அண்ணி பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

அட்டைப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று. கீழே இருந்த பெட்டியில் கட்டிகள் மஞ்சளடித்து, ஓரம் வெடித்திருந்தன. அவற்றிலும் அந்தச் சிரிப்பு. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மூடிய கண்ணை விரல்நுனியால் தொட்டாள். கை வியர்த்திருந்தது. ஈரம் பட்டால் கரையும் என்று நினைவு வந்து, அவசரமாகப் பெட்டியில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள்.

"எல்லாத்திலயும் ஒண்ணு போலவே இருக்கா," என்றாள். "இவ வளரவே இல்லை."

"அச்சு ஒண்ணுதானே," என்றார் பெரியவர்.

மேலே இருந்த பெட்டியைக் காட்டினார். "இது போன வருஷத்துது. இதுதான் நல்லா விழுந்துது. எண்ணெயை மாத்தினேன்." தூக்கியவர் கை சட்டென்று மேலே போயிற்று. கனமில்லை.

மூடியைத் திறந்தார். அடியில் பொடி மட்டும் இருந்தது.

"நான் நெறைச்சு வச்சேனே." பீரோவுக்குள் எட்டிப் பார்த்தார், கீழே குனிந்து பார்த்தார். "நெறைச்சுத்தானே வச்சேன்."

அண்ணிக்குத் தண்ணீர் பாட்டில் நினைவு வந்தது. திரும்பிப் பார்க்காமலே கேட்டாள். "தம்பி, எங்கே போச்சு?"

சின்னவர் தட்டுகளுக்கு நடுவில் நின்றார்.

"ஓட்டல்களுக்கு சோப்பு எடுக்கற ஏஜென்ட் இருக்காரே. அவருக்கு அவசரமா ஒரு லோடு போகணும். சரக்கு குறைஞ்சுது. அண்ணா ஊர்ல இல்லை. ஏதாவது மிச்சம் கிடக்குதான்னு அண்ணா மேஜையில இருந்த சாவியை எடுத்து பீரோவைத் திறந்தேன்." குரல் கம்மியது. "வெள்ளை உறையில சுத்திட்டா உள்ள யார் பாக்கப் போறான்னு அனுப்பிட்டேன்."

"உனக்குத் தெரியாதா அது என்னன்னு?"

"தெரியும் அண்ணி. பாத்தவுடனே தெரிஞ்சுது."

பெரியவர் காலிப் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். தம்பியை அடிக்கவில்லை, ஏசவில்லை. அதற்கான ஆள் அங்கே இல்லாததுபோல நின்றார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாமே," என்றாள் அண்ணி. "வக்கீலம்மா வாய்விட்டுக் கேட்டாங்களே. ஒரு பெட்டி வெளிய போயிருந்தாக்கூடன்னு."

"சொல்ல முடியலை. அண்ணா மூஞ்சியைப் பாத்து, அதை நான் வித்துட்டேன்னு சொல்லணுமே. டீயில முக்கறது சுலபமா இருந்துது."

அண்ணி கைபேசியை எடுத்துக் குமாஸ்தாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். "அம்மா, கவலையே படாதீங்க! கடைசி ஆளா உள்ளே பூந்துட்டேன். சீல் வாங்கியாச்சு. எனக்குப் பின்னாலதான் ஷட்டரை இறக்கினாங்க."

"நல்லது," என்று சொல்லி வைத்தாள். வேறு என்ன சொல்வது? ஒரு கட்டிகூட விற்கவில்லை என்று அவள் செய்த சத்தியம் முத்திரை வாங்கிவிட்டது. பொய்க்குப் பயந்து உண்மையைச் சொன்னாள். அந்த உண்மையே இப்போது பொய்.

"பில் இருக்கா?"

"இருக்கு. வெள்ளை சோப்புன்னுதான் போட்டிருக்கேன்."

அப்படியென்றால் பில்லும் பேசாது. பேசக்கூடியவை அந்தக் கட்டிகள்தாம். அவை ஏதோ ஓட்டல் அறைகளில், பெயர் தெரியாதவர்கள் தேய்த்துத் தேய்த்து, எப்போதோ சாக்கடையில் போயிருக்கும்.

"இன்னும் ஒண்ணு சொல்லணும்," என்றார் சின்னவர். "அந்த ஏஜென்ட் மறுநாளே போன் பண்ணினார். இப்போ மனுப் போட்டிருக்கற கம்பெனிக்கு அவர்தான் சரக்கு எடுத்துத் தர்றார். எனக்கும் வக்கீலம்மா கேட்டப்போதான் உறைச்சுது."

"எதுக்கு போன் பண்ணினார்?"

"உள்ள ஒரு குழந்தை முகம் இருக்கே, ரொம்ப அழகா இருக்கே, யாரு அதுன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

சின்னவர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல் இடுக்கில் டீக்கறை இன்னும் போகவில்லை.

"சும்மா ஒரு படம்னு சொன்னேன் அண்ணி. நாங்க இப்போ போடறதில்லைன்னு சொன்னேன்."

பெரியவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அடியில் கிடந்த பொடியைச் சுட்டுவிரலால் ஒரு மூலைக்குச் சேர்க்க ஆரம்பித்தார். வெளியே லாரி வந்து நின்றது. வெள்ளை சோப்பு ஏற்ற ஆட்கள் அண்ணியைக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை.

"அந்த ஏஜென்ட் நம்பரைப் போடு."

"எதுக்கு அண்ணி? என்ன சொல்லப் போறீங்க?"

"யாரு அந்தக் குழந்தைன்னு கேட்டாரில்ல," என்று கையை நீட்டினாள். "பதில் சொல்ல வேண்டாமா?"

மறுமுனையில் மணி அடித்தது. ரொம்ப நேரம் அடித்தது. பிறகு யாரோ எடுத்தார்கள்.